‘இம்ப்ரூவ்’ என்னும் சொல்: ஆதாயமும் மேம்பாடும்

1. வேர்

‘இம்ப்ரூவ்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லுக்கு இன்றைய அகராதிகள் தரும் முதற்பொருள் ‘மேம்படுத்து’ அல்லது ‘மேம்படு’. இது அச்சொல்லின் பிறவிப் பொருள் அன்று. நார்மன் படையெடுப்புக்குப் பின் இங்கிலாந்தின் ஆளும் வர்க்கமும் வழக்கறிஞரும் கையாண்ட பிரெஞ்சில் ‘எம்ப்ரூவர்’ என்றொரு வினை இருந்தது. அதன் நடுவில் நிற்கும் ‘ப்ரூ’ என்பதற்கு ஆதாயம் என்று பொருள். அதற்கும் பின்னால், ‘பயன்படு’ என்று பொருள்தரும் ‘ப்ரோதெஸ்ஸே’ என்னும் லத்தீன் வினை இருக்கிறது. ஒன்றைத் தனக்கு ஆதாயமாக்கிக்கொள்வதே ‘இம்ப்ரூவ்’ செய்வது. செருக்கைச் சொல்லும் ‘ப்ரவுட்’, தீரத்தைச் சொல்லும் ‘ப்ரவெஸ்’ ஆகியவையும் இதே குடும்பத்துச் சொற்கள். இறுதியில் கேட்கும் ‘வ்’ ஒலி, ‘ப்ரூவ்’, ‘அப்ரூவ்’ போன்ற சொற்களின் சாயல் படிந்து உருவானது.

16-ஆம் நூற்றாண்டில் இதே ஒலிப்புடன் இன்னொரு ‘இம்ப்ரூவ்’ ஆங்கிலத்தில் உலவியது. அது ‘ஏற்க மறு’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. மறுத்துரைப்பதையும் கண்டிப்பதையும் குறித்தது. வில்லியம் டின்டேல் 1526-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில், சபையோரைக் கண்டித்துத் திருத்துமாறு தீமோத்தேயுவுக்குச் சொல்லப்படும் இடத்தில் இச்சொல் வருகிறது. பின்னாளைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை மாற்றினார்கள். இன்றைய வாசகர் டின்டேலின் அந்த வரியைப் படித்தால், சபையோரை ‘மேம்படுத்த’ச் சொல்கிறார் என்று நினைத்து ஏமாறுவார். கண்டிக்கும் சொல் வழக்கொழிந்தது. ஆதாயச் சொல் நிலைத்தது.

இக்கட்டுரை பார்க்கும் கேள்வி ஒன்றுதான். ஆதாயம் என்னும் பழம்பொருள் மறைந்து, மேம்பாடு என்னும் புதுப்பொருள் அந்த இடத்துக்கு வந்ததா? அல்லது இரண்டும் ஒரே சொல்லுக்குள் இன்றும் சேர்ந்தே குடியிருக்கின்றனவா?

2. ஆய்வாளர்கள் கண்டவை

பண்பாட்டு விமர்சகர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1976-இல் வெளியிட்ட ‘கீவேர்ட்ஸ்’ நூலில் இச்சொல்லுக்குத் தனிப் பதிவு உண்டு. நிலத்திலிருந்து வருவாயைப் பெருக்கும் செயலும், ஒழுக்கத்தையும் ரசனையையும் உயர்த்தும் செயலும் ஒரே சொல்லால் சுட்டப்பட்டது தற்செயல் அல்ல என்பது அவர் பார்வை. அரசியல் சிந்தனையாளர் எல்லன் மைக்சின்ஸ் வுட் இதை இன்னும் கூர்மையாக்கினார். முதலாளியம் பிறந்த இடம் நகரத்துச் சந்தை அல்ல, இங்கிலாந்தின் வயல்வெளி என வாதிட்ட அவருக்கு, ‘இம்ப்ரூவ்மென்ட்’ அந்தப் பிறப்பின் கையொப்பம்போல் ஆனது. வரலாற்றாளர் பால் ஸ்லாக் 2015-இல் வெளியிட்ட நூல் வேறு திசையில் செல்கிறது. புரட்சியும் இல்லாமல் ஒரேயடியான சீர்திருத்தமும் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து பார்த்து, நிலைமையை உயர்த்திக்கொண்டே போகலாம் என்ற நம்பிக்கை 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவாயிற்று. பிற ஐரோப்பிய மொழிகளில் நேர்ச்சொல் இல்லாத இக்கருத்து அந்நாட்டின் செல்வ வளர்ச்சிக்கே ஒரு காரணம் என்பது அவர் முடிவு. தாவரவியலும் பேரரசும் கைகோத்ததை ஆராய்ந்த ரிச்சர்ட் டிரேட்டன், உலகையே ‘இம்ப்ரூவ்’ செய்யும் உரிமை தமக்குண்டு என்ற எண்ணம் பிரித்தானியப் பேரரசுக்கு எப்படி நியாயம் கற்பித்தது என்று காட்டினார்.

இவர்களுள் வில்லியம்ஸும் வுட்டும் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஆதாயத்தைத் தோண்டி எடுக்கிறார்கள். ஸ்லாக் அதன் உண்மையான சாதனையை எடுத்துவைக்கிறார். இரு தரப்பும் பெரும்பாலும் நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் பார்க்கின்றன. சட்டப் பிரிவுகளைப் பார்த்தால் விடை இன்னும் தெளிவாகக் கிடைக்கும்; அங்கே சொல்லுக்கு வரையறை எழுதியாக வேண்டும், அழகுக்காக விட்டுவிட முடியாது.

3. வேலியும் தரிசும்

1235-ஆம் ஆண்டின் மெர்ட்டன் சட்டம் இங்கிலாந்தின் நிலப்பிரபுக்களுக்கு ஓர் உரிமையைத் தந்தது. குடியானவர்களின் மாடுகளுக்குப் போதிய மேய்ச்சல் நிலத்தை விட்டுவைத்தால், மீதியுள்ள பொதுத் தரிசை வேலியிட்டுத் தம் பயனுக்கு எடுத்துக்கொள்ளலாம். இச்செயலுக்குச் சட்டமொழியில் ‘அப்ரூவ்’ என்று பெயர். (நம் செய்தித்தாள்களில் குற்றவாளி ‘அப்ரூவர்’ ஆகிறாரே, அந்தச் சொல்லுக்கு மூலம் வேறு.) நிலத்தை ‘அப்ரூவ்’ செய்வதற்குள்ளும் அதே ‘ப்ரூ’தான் இருக்கிறது. ‘இம்ப்ரூவ்’ அதன் உடன்பிறப்பு.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘இம்ப்ரூவ்’ என்றால் பல நில அளவையாளர்களுக்குக் குத்தகையை உயர்த்துவது என்றே பொருள். ஜான் நார்டன் 1607-இல் எழுதிய உரையாடல் வடிவ நூலில், அளவையாளரைக் கண்டதும் குடியானவர் முகம் சுளிக்கிறார். சங்கிலியோடு இவர்கள் வந்துபோன பிறகுதான் குத்தகை ஏறுகிறது, பழைய வழக்காறுகள் பறிபோகின்றன என்பது அவர் குறை. அளவையாளர் நெடுநேரம் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தொழிலுக்காகப் பரிந்து எழுதப்பட்ட நூலே இந்தக் குறையை முதலில் பேசவிட்டது கவனிக்கத்தக்கது.

பாராளுமன்றப் படையில் பணியாற்றிய வால்டர் பிளித் 1649-இல் ‘தி இங்லிஷ் இம்ப்ரூவர்’ என்னும் வேளாண்மை நூலை வெளியிட்டார். 1652-இல் அதையே திருத்தி விரித்து ‘தி இங்லிஷ் இம்ப்ரூவர் இம்ப்ரூவ்ட்’ என்ற தலைப்பில் கொண்டுவந்தார். சதுப்பை வடிப்பது, புல்வெளிக்கு நீர் பாய்ச்சுவது, மண்ணுக்கு உரமிடுவது என நூல் முழுக்கச் செய்முறைகள். இரண்டாம் தலைப்பு, தெரிந்தோ தெரியாமலோ, சொல் புரண்டுபடுக்கும் கணத்தைப் பிடித்துவிட்டது. ‘இம்ப்ரூவர்’ நிலத்தில் ஆதாயம் எடுக்கிறவர். ‘இம்ப்ரூவ்ட்’ ஆன நூலோ முன்னிலும் செம்மையான நூல். ஒரே தலைப்பில் இரு பொருளும் தோளோடு தோள் நிற்கின்றன.

ஜான் லாக் எழுதிய அரசு குறித்த இரண்டாம் ஆய்வுரையின் ஐந்தாம் அத்தியாயம் இச்சொல்லுக்கு மெய்யியல் தகுதியைக் கொடுத்தது. கடவுள் உலகைப் பொதுவில் தந்தார். உழைத்துப் பண்படுத்தியவருக்கு அது சொந்தமாகிறது. உழாமல் கிடக்கும் அமெரிக்க நிலம் ஆயிரம் ஏக்கரைவிட, டெவன்ஷயரில் நன்கு பயிரிட்ட பத்து ஏக்கர் மனிதர்க்கு அதிகம் தரும் என்பது அவர் கணக்கு. இவ்வாதத்தில் ‘இம்ப்ரூவ்’ என்பதற்கு எதிர்ச்சொல் ‘கெடு’ அல்ல, ‘வேஸ்ட்’, அதாவது தரிசு. வேட்டையாடியும் காய்கனி சேகரித்தும் பிழைத்த மக்களின் நிலம் முழுவதும் இந்த ஒரு சொல்லால் உடையவரற்றதாக ஆகிவிட்டது. அதே அத்தியாயத்தில் இன்னொரு சிறிய இடம் உண்டு. தன் குதிரை மேய்ந்த புல், தன் வேலையாள் வெட்டிய புற்கட்டி, தான் தோண்டிய கனிமம் ஆகிய மூன்றையும் லாக் ஒரே மூச்சில் தன் சொத்தாக எண்ணுகிறார். வெட்டியவர் வேலையாள், சொத்து எசமானருக்கு. உழைப்பைவிட, நிலத்தைப் பயன்தரவைக்கும் ஏற்பாடே இங்கே உரிமையைத் தருகிறது என்று வுட் சொல்வது இவ்விடத்தைப் பொறுத்தவரை மறுக்க முடியாத வாசிப்பு.

இதன் நடைமுறை வடிவம் வேலியடைப்புச் சட்டங்கள். 1604 முதல் 1914 வரை இங்கிலாந்தில் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் இதற்காக நிறைவேறின. ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், வேலிக்குள் போயிற்று. 1793-இல் அமைந்த வேளாண்மை வாரியத்தின் முழுப்பெயரிலேயே ‘உள்நாட்டு இம்ப்ரூவ்மென்ட்’ இருந்தது. அதன் செயலர் ஆர்தர் யங் வேலியடைப்பை ஊர் ஊராகச் சென்று ஆதரித்தவர். அவரே 1801-இல், பல ஊர்களில் ஏழைகள் பசுவையும் மேய்ச்சலையும் இழந்ததைக் கண்டு, தரிசில் ஒரு பகுதியை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று தனி நூல் எழுத வேண்டியதாயிற்று. வயல் கூடுதலாக விளைந்தது உண்மை. யாருக்கு விளைந்தது என்ற கேள்வியை அந்தச் சொல் கேட்கவில்லை, யங் கேட்டார்.

4. தேனீயும் முதலையும்

பொருள் பெயர்ந்த வழியைக் காட்ட இரண்டு குழந்தைப் பாடல்கள் போதும். ஐசக் வாட்ஸ் 1715-இல் வெளியிட்ட சிறுவர் பாடல்களுள் ஒன்று, சுறுசுறுப்பான தேனீயைப் பற்றியது. அந்தத் தேனீ ஒவ்வொரு வெயில் பொழுதையும் ‘இம்ப்ரூவ்’ செய்கிறது. பொழுதை யாரும் அழகாக்க முடியாது. தேனீ பொழுதிலிருந்து தேனை எடுத்துக்கொள்கிறது. பொழுதை வீணாக்காமல் ஆதாயமாக்குகிறது. வேர்ப்பொருள் இங்கே சிதையாமல் இருக்கிறது.

லூயிஸ் கரோல் 1865-இல் ஆலிஸின் வாயில் வைத்த கேலிப்பாட்டில் தேனீ இருந்த இடத்தில் முதலை வருகிறது. முதலை ‘இம்ப்ரூவ்’ செய்வது தன் பளபளக்கும் வாலை. அது ஒப்பனை, இருப்பதை இன்னும் பளபளப்பாக்குவது. 150 ஆண்டுகளில் சொல் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதை அகராதி ஒரு பக்கத்தில் சொல்வதை இந்தக் கேலி ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. பொழுதைப் பயன்கொள்ளும் பொருள் அதற்குள் பழைய புத்தகங்களுக்கும் பிரசங்கங்களுக்கும் உரியதாகிவிட்டிருந்தது.

இடைப்பட்ட காலத்தில் இச்சொல் நிலத்தை விட்டு வெளியே உலாவத் தொடங்கியது. 1660-இல் தோன்றிய லண்டன் ராயல் சொசைட்டியின் முழுப்பெயர் இயற்கை அறிவை ‘இம்ப்ரூவ்’ செய்வதற்கான கழகம் என்பது. பிறகு மனம், நடத்தை, குரல், கையெழுத்து என எல்லாமே ‘இம்ப்ரூவ்’ ஆயின. ஆனால் அமெரிக்காவில் பழம்பொருள் சட்டை மாற்றாமல் நின்றது. அங்கே மனை வணிகத்தில் ‘இம்ப்ரூவ்மென்ட்’ என்றால் இன்றும் மனைமேல் எழுந்த கட்டடம், சாலை, குழாய். ‘அன்இம்ப்ரூவ்ட்’ மனை என்றால் வெறும் மண். அந்த மண்ணில் நூறாண்டு மரங்கள் நின்றாலும் அது ‘அன்இம்ப்ரூவ்ட்’தான்.

5. ரெப்டனின் மடக்குத் தாள்

18-ஆம் நூற்றாண்டில் ‘இம்ப்ரூவர்’ என்று அழைக்கப்பட்டவர்களுள் தோட்டக் கலைஞர்களும் உண்டு. லான்சலாட் பிரவுன் எந்த எஸ்டேட்டைப் பார்த்தாலும் அதற்கு நல்ல ‘கேப்பபிலிட்டி’ இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே அதைத் தன் பட்டப்பெயராக்கிக்கொண்டார். அவருக்குப் பின் வந்த ஹம்ஃப்ரி ரெப்டன் ஒரு புதிய உத்தியைக் கையாண்டார். நிலவுடைமையாளருக்குச் சிவப்புத் தோல் அட்டையிட்ட ஒரு புத்தகம் தயாரித்துக் கொடுப்பார். அதில் நீர்வண்ண ஓவியங்கள் இருக்கும். ஓவியத்தின் மேல் ஒரு மடக்குத் தாள் ஒட்டியிருக்கும். தாள் படிந்திருந்தால் இன்றைய தோற்றம். தூக்கினால், ரெப்டன் கைவைத்த பின் வரப்போகும் தோற்றம்.

1816-இல் வெளியான கடைசி நூலில் அவர் தம் சொந்த வீட்டையே இப்படிக் காட்டினார். எசெக்ஸ் மாவட்டத்தின் ஹேர் ஸ்ட்ரீட் என்னும் ஊரில் சாலையோரத்து வீடு அது. தாள் படிந்திருக்கையில் எதிரே கசாப்புக் கடை தெரிகிறது. வாசலில் இறைச்சி தொங்குகிறது. வீட்டு வேலியோரம் ஒரு பிச்சைக்காரர் நிற்கிறார். தாளைத் தூக்கினால் வேலி முன்னே நகர்ந்து, ஊர்ப் பொதுவில் ஒரு துண்டு தோட்டத்துக்குள் வந்திருக்கிறது. பூங்கொடிகள் கசாப்புக் கடையை மறைத்துவிட்டன. பிச்சைக்காரரைக் காணவில்லை. அவர் எங்கே போனார் என்பதைப் படம் சொல்லாது. மடக்குத் தாளின் அடியில் போய்விட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் ரெப்டனை ஒரே அடியாகக் குறை சொல்லவும் முடியாது. அந்நூலின் பிற இடங்களில், புதுப்பணக்காரர்கள் பொதுவழியை அடைத்து, மரத்தை வெட்டி, குத்தகையை ஏற்றி அதற்கு ‘இம்ப்ரூவ்மென்ட்’ என்று பெயர் வைப்பதைக் கசப்போடு எழுதியவரும் அவர்தான்.

ஜேன் ஆஸ்டின் 1814-இல் வெளியிட்ட ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் ரெப்டன் பெயரே வருகிறது. நாளொன்றுக்கு ஐந்து கினி கூலி கொடுத்து அவரை அழைத்துவந்து சாதர்ட்டன் எஸ்டேட்டை ‘இம்ப்ரூவ்’ செய்ய வேண்டும் என்று செல்வமும் அசட்டுத்தனமும் ஒருங்கே வாய்ந்த ரஷ்வொர்த் துடிக்கிறார். பழைய மரச்சாலை வெட்டுப்படும் என்று கேட்டு நாவலின் நாயகி ஃபேன்னி வருந்துகிறாள். எஸ்டேட்டைத் திருத்தத் தெரிந்தவர்களுக்கு மனத்தைத் திருத்தத் தெரியவில்லை என்பதை ஆஸ்டின் ஒரே சொல்லின் இரு பொருளையும் மோதவிட்டுக் காட்டுகிறார். அலிஸ்டர் டக்வொர்த் 1971-இல் எழுதிய ஆஸ்டின் ஆய்வுக்கு எஸ்டேட்டின் ‘இம்ப்ரூவ்மென்ட்’ என்பதையே தலைப்பாக்கினார்.

6. உடன்வரும் சொல்: அகற்றல்

ஸ்காட்லாந்தின் வடகோடியில் சதர்லாண்ட் எஸ்டேட். 19-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் உள்பள்ளத்தாக்குகளில் இருந்த குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர். பள்ளத்தாக்கு ஆட்டுப் பண்ணையானது. மக்கள் கடற்கரையில் சிறுதுண்டு நிலமும் மீன்பிடியும் கொண்டு பிழைக்க வேண்டியதாயிற்று. வெளியேற்றத்தில் முன்னின்ற பேட்ரிக் செல்லர்மேல், வீடுகளுக்குத் தீ வைத்ததாகவும் உயிரிழப்புக்குக் காரணமானதாகவும் வழக்கு நடந்தது; 1816-இல் அவர் விடுதலை ஆனார். எஸ்டேட்டின் தலைமை நிர்வாகி ஜேம்ஸ் லாக் 1820-இல் நடந்தவற்றுக்கு விளக்கமாக ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பு, எஸ்டேட்டில் நடந்த ‘இம்ப்ரூவ்மென்ட்ஸ்’ பற்றிய விவரம் என்றே தொடங்குகிறது. அதே நிகழ்ச்சிக்கு இன்று வரலாற்றில் வழங்கும் பெயர் ‘கிளியரன்ஸ்’, அகற்றல். ஒரு சொல் நிர்வாகியின் மேசையிலிருந்தும், மற்றொன்று இழந்தவர்களின் பக்கத்திலிருந்தும் அதே நாளைப் பார்க்கின்றன.

நகரங்களில் இவ்விரு சொற்களும் ஒரே சட்டத்துக்குள் வந்து சேர்ந்தன. 1866-இன் கிளாஸ்கோ நகர இம்ப்ரூவ்மென்ட் சட்டப்படி ஒரு டிரஸ்ட் அமைந்து, நெருக்கடியான பழைய சந்துகளை விலைக்கு வாங்கி இடித்தது. இடிப்பதற்கு முன் அச்சந்துகளைப் படமெடுக்கும் பணி தாமஸ் அன்னனிடம் கொடுக்கப்பட்டது. காற்றில் அசைந்த துணிகள் மங்கலாகவும் மனிதர் சிலர் நிழலாகவும் பதிந்த அப்படங்கள் இன்று புகைப்பட வரலாற்றின் செல்வங்கள். 1875-இல் வந்த தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தின் பெயரிலும் ‘இம்ப்ரூவ்மென்ட்’ இருந்தது. அது அளித்த முதன்மை அதிகாரம் சுகாதாரக் கேடான பகுதிகளை மொத்தமாக இடிப்பது. நோயும் சாக்கடையும் உண்மையான கேடுகள். இடித்த இடத்தில் காற்றும் வெளிச்சமும் வந்ததும் உண்மை. அங்கிருந்தவர்களுக்குப் புதுவீட்டின் வாடகை கட்டுப்படியாகவில்லை என்பதும் உண்மை.

7. இந்தியச் சட்டங்களில்

கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் 1789-இல் எழுதிய குறிப்பொன்றில், கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு விலங்குகள் வாழும் காடு என்று அடித்துச் சொன்னார். நிலத்தின் மேல் நிலையான உரிமையும் நிலையான வரியும் கிடைத்தால் ஜமீன்தார் இங்கிலாந்துப் பண்ணையாரைப்போல் ‘இம்ப்ரூவர்’ ஆகிவிடுவார் என்பது 1793-இன் நிரந்தர நிலவரித் திட்டத்தின் அடிப்படை எதிர்பார்ப்புகளுள் ஒன்று. வங்காளத்து ஜமீன்தார்களில் பெரும்பாலோர் குத்தகை வாங்குவதோடு நின்றுகொண்டார்கள். இத்திட்டத்தின் பின்னிருந்த ஐரோப்பியச் சிந்தனைகளை வரலாற்றாளர் ரணஜித் குகா 1963-இல் வெளியிட்ட முதல் நூலில் ஆராய்ந்தார்.

தரிசு என்ற எதிர்ச்சொல்லும் கூடவே வந்தது. சென்னை மாகாணத்து வருவாய்க் கணக்கில் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’, ‘புறம்போக்கு’ என்ற வகைகள் நிலைபெற்றன. ஊர்க்கால்நடை மேய்ந்த மேய்க்கால் நிலமும் ஏரி உள்வாயும் வரி தராததால் புறம்போக்கு ஆயின. அந்தச் சொல் ஊர்த் தெருவில் வசவாக மாறியதற்கு வருவாய்த் துறையைக் குறை சொல்ல முடியாது என்றாலும், பயன் தராதது என்ற அதன் உட்குறிப்பு ஏட்டிலிருந்துதான் தெருவுக்கு வந்தது.

1883-இன் நில இம்ப்ரூவ்மென்ட் கடன் சட்டம் வரையறையை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. அச்சட்டப்படி ‘இம்ப்ரூவ்மென்ட்’ என்பது நிலத்தின் குத்தகை மதிப்பைக் கூட்டும் எந்த வேலையும். கிணறு, குளம், வடிகால், ஆற்று வெள்ளத்திலிருந்து மீட்பு எனப் பட்டியல் நீள்கிறது. காடு அழிப்பதும் வேலியடைப்பதும் அதிலேயே உண்டு. மண் வளமானதா, விளைச்சல் கூடியதா, உழுதவர் வயிறு நிறைந்ததா என்பவை வரையறையில் இல்லை. குத்தகை மதிப்பு கூடியதா என்பதுதான் சோதனை. ஆதாயப் பொருள் மறைந்துவிட்டது என்பவர்களுக்கு இந்த ஒரு பிரிவே பதில்.

ஆனால் சொல் எப்போதும் நிலவுடைமையாளர் பக்கமே நின்றது என்று முடிவுகட்டினால் மலபார் குறுக்கே வந்து நிற்கும். அங்கே ஜன்மி எனப்பட்ட நிலவுடைமையாளரின் நிலத்தில் குழி தோண்டித் தென்னையும் பலாவும் நட்டு, மிளகுக்கொடி ஏற்றிய குத்தகைதாரருக்கு அந்த நடவின் மேல் ஒரு பங்கு உண்டு என்பது பழைய வழக்கு. குழிக்காணம் என்ற உரிமையின் பெயரிலேயே அந்தக் குழி இருக்கிறது. ஆங்கில நீதிமன்றங்கள் ஜன்மியை முழு உடைமையாளராகக் கருதி வெளியேற்ற ஆணைகளை வழங்கத் தொடங்கியதும் இந்த உரிமை ஆட்டங்கண்டது. மலபார் நில உறவுகளை ஆராய்ந்த வில்லியம் லோகனின் பரிந்துரைகளுக்குப் பின், 1887-இல் குத்தகைதாரர் செய்த ‘இம்ப்ரூவ்மென்ட்’களுக்கு இழப்பீடு தரும் சட்டம் வந்தது, 1900-இல் அது புதுப்பிக்கப்பட்டது. மரம் நடுவதும் நட்டதைக் காப்பதும் கிணறு வெட்டுவதும் வீடு கட்டுவதும் கணக்கில் வந்தன. மரத்தை எண்ணி விலை போட்டுக் கொடுக்காமல் ஆளை வெளியேற்ற முடியாது. அயர்லாந்தில் 1870-இன் நிலச் சட்டமும் இதேபோன்ற இழப்பீட்டை ஏற்றிருந்தது. சதர்லாண்டில் குடியானவரை வெளியேற்றிய சொல், மலபாரில் குடியானவரை வெளியேற்றுவதற்குத் தடையாக நின்றது. ஆதாயம் என்னும் பொருள் இரண்டிடத்திலும் அதேதான். யாருடைய ஆதாயம் என்பதைச் சட்டம் மலபாரில் பெயர் சொல்லி எழுதியது, அதுதான் வேறுபாடு. வுட்டின் வாதம் இந்த இடத்தில் போதாமல் போகிறது.

நகரங்களுக்கு வந்தால், 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. 1898-இல் சட்டம் இயற்றி பம்பாய் நகர இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைக்கப்பட்டது. கல்கத்தாவுக்கு 1911-இல் சட்டம் வந்தது. பெயரும் முறையும் கிளாஸ்கோவை நினைவூட்டின: வாங்கு, இடி, அகலச் சாலை போடு. நகரமைப்பாளர் பேட்ரிக் கெட்டிஸ் 1914-இல் இந்தியா வந்தபோது இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தார். தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து, இடிந்த ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிறு திறப்பும் மரமும் வைத்தால் போதும் என்று அறிக்கை எழுதினார். அவர் வைத்த பெயர் ‘கன்சர்வேட்டிவ் சர்ஜரி’. உறுப்பைக் காத்துச் செய்யும் அறுவை. அதுவும் ‘இம்ப்ரூவ்மென்ட்’தான் என்பது அவர் வாதம்.

சென்னையில் நகர இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் 1947-இல் தொடங்கி, 1961-இல் வீட்டுவசதி வாரியமாக மாறியது. டிரஸ்ட் மறைந்தும் அதன் முதலெழுத்துகள் மறையவில்லை. நந்தனத்தை அடுத்த சி.ஐ.டி. நகர் என்னும் பேருந்து நிறுத்தத்தில் இறங்குபவர்கள், நடு எழுத்தான ‘ஐ’யில் இந்தச் சொல்லைத் தினமும் சொல்கிறார்கள்.

8. தமிழில்

தமிழ் இச்சொல்லுக்குப் பல ஈடுகளைத் தந்திருக்கிறது: அபிவிருத்தி, மேம்பாடு, முன்னேற்றம், வளர்ச்சி. தமிழ்நாட்டு ஆட்சிமொழி ‘அபிவிருத்தி’யைப் பெரும்பாலும் கைவிட்டு ‘மேம்பாடு’க்கு மாறியது, இலங்கைத் தமிழில் அபிவிருத்தி இன்றும் நடப்புச் சொல். இவை எல்லாம் உயர்வையும் பெருக்கத்தையும் சொல்கின்றன; ‘ப்ரூ’ என்னும் ஆதாயம் எதிலும் இல்லை. மேலும் ‘டெவலப்மென்ட்’ என்ற மற்றொரு சொல்லுக்கும் இதே ஈடுகளே வழங்குவதால், இரண்டுக்கும் இடையிலான வரலாற்று வேறுபாடு தமிழில் கரைந்துவிடுகிறது.

நெருங்கிய சொல் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது ‘திருத்து’. காடு வெட்டித் திருத்திய நிலம் என்கிறோம், அச்சுப்பிழையைத் திருத்துகிறோம், பிள்ளையைத் திருத்துகிறோம். நிலத்திலிருந்து நூலுக்கும் நடத்தைக்கும் நீளும் இந்தப் பாதை ‘இம்ப்ரூவ்’ நடந்த பாதையேதான். ‘பண்படுத்து’ என்பதும் அப்படியே உழவிலிருந்து ஒழுக்கத்துக்குப் போனது.

வேறுபாடு இலக்கணத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் நிலைமை தானாக ‘இம்ப்ரூவ்’ ஆகலாம், ஒருவர் அதை ‘இம்ப்ரூவ்’ செய்யலாம், வினைவடிவம் ஒன்றே. தமிழில் திருந்து, திருத்து என்று தன்வினையும் பிறவினையும் பிரிந்து நிற்கும். மேம்படு, மேம்படுத்து என்பதும் அவ்வாறே. பேசுபவர் எதையாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ‘ஊர் திருந்தியது’ என்றால் ஒன்று, ‘ஊரைத் திருத்தினார்கள்’ என்றால் வேறு. பொருளியலாளர் ஆர்ண்ட் 1981-இல் எழுதிய கட்டுரையில், ‘டெவலப்’ என்பது தானே நிகழ்வதாகவும் ஒருவர் நிகழ்த்துவதாகவும் இருவேறு மரபுகளில் வழங்கி, பிறகு கலந்துபோனதைக் காட்டினார். தமிழ் வினை அந்தக் கலப்பை எளிதில் அனுமதிக்காது. ஆனால் ‘மேம்பாடு’ என்று பெயர்ச்சொல்லாக்கியதும் பிரிவு மறைந்துவிடுகிறது. யார் மேம்படுத்துகிறார், யார் மேம்படுகிறார் என்று அந்தச் சொல்லிடம் கேட்க முடியாது. ஆட்சிமொழிக்குப் பெயர்ச்சொற்கள் மேல் இருக்கும் பற்றுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பேச்சுத் தமிழ் ‘இம்ப்ரூவ்மென்ட்’டை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்கு வேறொரு வேலை கொடுத்திருக்கிறது. அது அதிகம் கேட்கும் இடங்கள் இரண்டு: ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும். “நேத்துக்கு இன்னைக்கு கொஞ்சம் இம்ப்ரூவ்மென்ட் இருக்கு” என்று வார்டுக்கு வெளியே நிற்பவர் சொல்வார். மதிப்பெண் போதாமல் மறுபடி எழுதுவது இம்ப்ரூவ்மென்ட் பரீட்சை. இவ்விரு இடங்களிலும் முன்பு இருந்த சொல் ‘தேறு’. உடம்பும் தேறும், பரீட்சையிலும் தேறுவார்கள். ‘தேறு’ முடிவைச் சொல்லும். ‘இம்ப்ரூவ்மென்ட்’ முடியாமல் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும். இரவல் சொல் நிலைத்ததற்கு இந்த நுட்பமான வேறுபாடே காரணம் எனலாம். நிலமும் குத்தகையும் இந்தப் பேச்சு வழக்கில் எட்டிப்பார்ப்பதில்லை.

சட்டத்தில் எட்டிப்பார்க்கும். தமிழ்நாட்டில் 1970-இல் குடிசைப் பகுதிகளுக்கென ஒரு வாரியம் அமைந்தது. அதன் ஆங்கிலப் பெயர் ‘ஸ்லம் கிளியரன்ஸ் போர்டு’. தமிழ்ப் பெயர் ‘குடிசை மாற்று வாரியம்’. ஆங்கிலம் அகற்றலைச் சொல்ல, தமிழ் மாற்றலைச் சொன்னது. 1971-இல் வந்த சட்டத்தின் ஆங்கிலத் தலைப்போ, 1956-இன் மத்தியச் சட்டத்தை ஒட்டி, ‘இம்ப்ரூவ்மென்ட் அண்ட் கிளியரன்ஸ்’ என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது. ஒரு பகுதியை அங்கேயே வைத்து வசதி செய்துகொடுக்கவும் முடியும், அகற்றவும் முடியும். எதைச் செய்வது என்பது அரசின் முடிவு. 2021-இல் வாரியத்தின் பெயர் மாற்றப்பட்டு ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆயிற்று. ஆங்கிலப் பெயரிலிருந்து ‘கிளியரன்ஸ்’ போய் ‘டெவலப்மென்ட்’ வந்தது. தமிழ்ப் பெயரில் முதலிலும் அகற்றல் இல்லை, இப்போதும் இல்லை. ‘மாற்று’ இருந்த இடத்தில் ‘மேம்பாடு’ இருக்கிறது.